இரண்டாவது ஸ்டெப்னி

கடவுள் மனிதனுக்கு இரண்டு கண், இரண்டு காது, இரண்டு கிட்னி கொடுத்ததெல்லாம் ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று உதவட்டும் என்றுதான் என்று இந்தப் பூமியில் மனப்பூர்வமாக நம்பிய ஒரே மனிதர் ஆரணியில் வாழ்ந்தார். "எல்லாத்துக்கும் ஒண்ணு எக்ஸ்ட்ரா வச்சான். இதயத்துல மட்டும் கோட்டை வுட்டுட்டான் பாரு" என்று ஆண்டவனின் வேலையில் குறை கண்டுபிடிப்பார். அந்த ஆண்டவனையும் அவர் முழுதாக நம்பியதில்லை. பிள்ளையார் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எதிர்ச்சாரி முருகனுக்கும் ஒன்று ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் ஸ்டெப்னி.

தொண்ணூறுகளில் நான் ஆரணியில் ஒரு பட்டுப் புடவை வியாபாரியிடம் வேலை பார்த்தேன். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மாங்காயும் அன்னமும் வரைந்து புடவை பார்டருக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஸ்டெப்னிக்கு ஊர் சுற்றும் வேலை. சுற்றுப்பட்டு கிராமங்களில் இருக்கும் நெசவாளர் வீடுகளுக்குப் பாவு நூலும் ஜரிகையும் கொண்டுபோய்க் கொடுப்பார். நெய்து முடித்த புடவைகளை வாங்கி வருவார். அதற்காக முதலாளி ஒரு பழைய ஸ்கூட்டரைக் கொடுத்திருந்தார். அந்தக் காலத்து ஸ்கூட்டர்களுக்கெல்லாம் முதுகில் ஓர் உபரிச் சக்கரம் இருக்கும். அதைத்தான் ஸ்டெப்னி என்போம். எல்லோரும் ஒன்று வைத்திருந்தார்கள். இவர் இரண்டு வைத்திருந்தார்.

"ரெண்டாவது எதுக்குண்ணே?" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"மொதல் ஸ்டெப்னியும் பஞ்சர் ஆச்சுன்னா?"

"அப்போ ரெண்டாவதும் பஞ்சர் ஆனா?"

அவர் முகம் தொங்கிப்போயிற்று. மறுநாள் காலை அவருடைய அம்மா கடைக்கே சண்டைக்கு வந்துவிட்டார். "இன்னாடா கேட்டு வச்ச எம்புள்ளைய? ராவெல்லாம் மோட்டுவளையப் பாத்துகினு குந்திகினு இருந்தான்!"

இரண்டாவது ஸ்டெப்னியை மாட்ட ஸ்கூட்டரில் இடம் கிடையாது. பின்னால் உட்காருபவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அதனால் தினமும் அவர் பின்னால் உட்கார்ந்து, தூங்கும் குழந்தையைப் போல அந்தச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வெள்ளைச் சட்டை அணிவதை நான் விட்டது அந்த நாட்களில்தான். அவருக்கு நான் 'டிசைனு'. வண்டி பள்ளத்தில் விழுந்து எழுந்தால் திரும்பிப் பார்க்காமலே கேட்பார்: "இன்னா டிசைனு, அடி கிடி பட்டுச்சா?"

"இல்லண்ணே, இடுப்புதான் லேசா..."

"உன்ன யார்யா கேட்டா? சக்கரத்துக்கு?"

சக்கரத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மூக்குக் கண்ணாடி மூன்று வைத்திருந்தார். மூன்றாவது, முதல் இரண்டும் எங்கே என்று தேடுவதற்கு. ஸ்கூட்டரின் முன்பெட்டியில் எப்போதும் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடக்கும். இடது கால் செருப்பு. கிக்கரை உதைக்கும்போது இடது காலை ஊன்றுவதால் இடது வார்தான் அறும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. "வலது அறுந்ததா சரித்திரமே கெடையாது" என்பார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வாசலில் சரித்திரம் மாறியது. இரண்டு இடது செருப்புகளைப் போட்டுக்கொண்டு கடை வரைக்கும் நடந்து வந்தார். நேராகத்தான் நடந்தார் என்று அவர் சொல்வார். ஒரே பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி வளையல் கடைக்குள் போய்விட்டார் என்பது பார்த்தவர்கள் சொன்னது.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், இத்தனை ஏற்பாடு செய்து வைத்திருந்த மனிதரின் வண்டி பஞ்சரே ஆகாது. ஊரில் இருக்கிற முள்ளெல்லாம் அவரைக் கண்டால் ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும். முதலாளியின் கார் வாரத்துக்கு ஒருமுறை காற்றுப் போய் நிற்கும். இவருடைய டயர் தேய்ந்து வழுக்கையாகிப் போனாலும் கல்லு மாதிரி இருக்கும். ஸ்டெப்னி என்ற பெயர் வாங்கிக் கொடுத்த ஸ்டெப்னியை அவர் ஒருமுறைகூட மாட்டிப் பார்த்ததில்லை. அந்த ஏக்கத்தில், வழியில் யாருடைய வண்டி நின்றாலும் இறங்கிவிடுவார்.

ஒருமுறை போளூர் ரோட்டில் நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பஞ்சராகி நின்றது. டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். இவர் ஸ்கூட்டரை நிறுத்தி, என் மடியில் இருந்த சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

"அண்ணே, ஸ்டெப்னி வேணுமா? எங்கிட்ட ரெண்டு கீது."

டிரைவர் அந்தச் சின்னச் சக்கரத்தைப் பார்த்தார். தன் லாரிச் சக்கரத்தைப் பார்த்தார். "காலங்காத்தால பேஜார் பண்ணாத. போய்கினே இரு."

இவருக்கு ரோஷமே வரவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு, ஸ்டெப்னி இல்லாமல் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். போகிற இடமெல்லாம் இதே விசாரணைதான். ஓட்டையில் சோப்பை அப்பினால் கொஞ்ச தூரம் போகலாம் என்று ஒருவர் சொன்னார். கயிற்றைச் சுற்றினால் போதும் என்றார் இன்னொருவர். டியூபை உருவிப் போட்டுவிட்டு டயருக்குள் வைக்கோலைத் திணித்தால் ஊர் போய்ச் சேரலாம் என்றார் ஒரு டிராக்டர்காரர். எல்லாவற்றையும் கேட்டு மண்டையில் ஏற்றிக்கொண்டார்.

ஏற்றிக்கொண்டதோடு நின்றிருக்கலாம். டியூபுக்குள் ஏதோ ஒரு திரவத்தை ஊற்றினால் முள் குத்தினாலும் தானாக அடைத்துக்கொள்ளும் என்று சந்தையில் யாரோ சொல்லிவிட்டார்கள். நெசவாளர் வீட்டில் பாவுக்குப் போடுகிற கஞ்சியைவிட ஒட்டுகிற திரவம் உலகத்தில் உண்டா என்று இவருக்கு யோசனை. ஒரு செம்பு கஞ்சியை வாங்கி இரண்டாவது ஸ்டெப்னிக்குள் ஊற்றி, காற்றடித்து, கடை வாசலில் வெயிலில் வைத்துவிட்டார். கஞ்சி உள்ளே புளித்தது. முதலாளி ஒரு கல்யாண வீட்டாரை வாசல் வரை வந்து வழியனுப்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அது வெடித்தது. முதலாளியின் சலவை வேட்டியில் தொடங்கி, கடைப் பெயர்ப்பலகை வரைக்கும் கஞ்சி. கல்யாண வீட்டார் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள்.

"யார்றா வச்சது இத?" என்று முதலாளி கத்தினார்.

"ரன்னிங்ல வெடிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும் நெனச்சிப் பாருங்க மொதலாளி. நல்ல வேளையா ஸ்டெப்னில வெடிச்சிது" என்றார் இவர், நன்றியை எதிர்பார்க்கும் முகத்தோடு.

இப்படிப்பட்டவர் பெண் பார்க்கப் போனால் எப்படிப் போவார்? எக்ஸ்ட்ரா ஒரு மாப்பிள்ளையோடுதான் போவார். நான் வேலைக்குச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் செய்யாறில் ஒரு பெண் பார்த்திருக்கிறார்கள். தனக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று தன் தம்பியையும் அழைத்துப் போனார். அதே கலரில் சட்டையும் வாங்கிக் கொடுத்தார். அங்கே தம்பி கலகலவென்று பேசிக்கொண்டிருந்தான். இவர் தட்டில் இருந்த பஜ்ஜியில் ஒன்றைத் தாளில் மடித்து, வழியில் பசித்தால் ஆகும் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் பெண் வீட்டிலிருந்து தகவல் வந்தது: சின்னவரைப் பிடித்திருக்கிறது.

தம்பி கல்யாணத்தில் இவர்தான் ஓடி ஓடி வேலை செய்தாராம். தாலி கட்டும் நேரத்தில் கயிறு அறுந்துவிட்டால் என்ன செய்வது என்று எக்ஸ்ட்ராவாக ஒரு தாலிக்கயிறு வைத்திருந்தது தெரிந்து, பெண்ணின் அத்தை அவரை மண்டபத்தைச் சுற்றித் துரத்தினார். இதையெல்லாம் அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். ஒரே ஒருமுறை, தம்பி மனைவியோடும் குழந்தையோடும் எங்களைக் கடந்து பைக்கில் போனபோது மட்டும், "ஸ்டெப்னி இன்னாமா ஓடுது பாரு டிசைனு" என்றார். அப்போது சிரிக்கவில்லை. எனக்கு மடியில் இருந்த சக்கரம் திடீரென்று கனத்தது.

அதற்குப் பிறகு வந்த வரன்கள் எல்லாம் வாசல் வரை வந்து திரும்பின. வயது நாற்பதைத் தொடும்போது கலசப்பாக்கத்தில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் சொன்னார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறாள், முப்பதைத் தாண்டிவிட்டாள், யாரையும் அவளுக்குப் பிடிப்பதில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் மாப்பிள்ளை வாசற்படி மிதித்துவிட வேண்டும். பெண்ணின் அப்பா அதில் கறார். இவர் வராவிட்டால் வந்தவாசியில் ஒரு மாப்பிள்ளையைக் கையில் தயாராக வைத்திருக்கிறார்கள் என்றும் தரகர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

"பாத்தியா, அவங்களே ஒண்ணு எக்ஸ்ட்ரா வச்சிகினு கீறாங்க" என்று ஸ்டெப்னி மனம் குளிர்ந்தார்.

அவருடைய அம்மா குளிரவில்லை. ஞாயிறு மத்தியானம் மகனை நடுக்கூடத்தில் நிறுத்திச் சோதனை போட்டார். கண்ணாடி ஒன்று போதும் என்று இரண்டைப் பிடுங்கி வைத்தார். பையில் இருந்த மாற்றுச் சட்டை போயிற்று. முன்பெட்டியில் இருந்த ஒற்றைச் செருப்பு பறந்து வாசலில் விழுந்தது. புது டியூப் போட்டு மறுபடி என் மடிக்கு வந்திருந்த சக்கரம் கட்டிலுக்கு அடியில் உருண்டது. கடைசியில் ஸ்கூட்டரின் முதுகைப் பார்த்தார்.

"அதையும் கழட்டு."

"எம்மா, அது வண்டியோட கூடப் பொறந்ததும்மா!"

"உங்கூடத்தான் ஒருத்தன் பொறந்தான். கூட்டிகினு போய் இன்னா ஆச்சு? இந்த தபா ஒத்தையா போ. எக்ஸ்ட்ரா எது இருந்தாலும் நமக்கு வெளங்காது. கழட்டுடா பெரியவனே."

கழற்றினார். பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடிச்சில்ல?"

"ஆயிடிச்சிங்கம்மா."

"புள்ள?"

"ஒண்ணு இருக்குதுங்க."

"செரி, நீ கூடப் போ. தொணைக்கு." அம்மா தரகரோடு முன்னாலேயே பஸ்ஸில் கிளம்பிவிட்டார்.

போளூர் தாண்டும் வரைக்கும் ஸ்டெப்னிக்கு ரோட்டில் கவனமே இல்லை. அடிக்கடி கழுத்தைத் திருப்பி, சக்கரம் இருந்த இடத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டார். பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவது மாதிரி. எனக்கும் மடி காலியாக இருந்ததில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி என்னும்போது, பின் சக்கரத்தில் புஸ் என்று ஒரு சத்தம் கேட்டது.

இறங்கிப் பார்த்தோம். ஒரு கருவேல முள், எத்தனை வருஷமாகக் காத்திருந்ததோ, முழுசாக உள்ளே இறங்கியிருந்தது. அவர் முள்ளைப் பார்த்தார், வெறும் முதுகைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"ஒரு நாள். ஒரே ஒரு நாள்யா டிசைனு, நம்பி வந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை. பஞ்சர் கடை எதுவும் திறந்திருக்காது. பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. நடந்தால் ராகு காலம் முந்திக்கொள்ளும். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக நின்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வந்தவாசிக்காரனின் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனாலும் அவன் பக்கத்தில் எங்கோ நின்று சிரிப்பதுபோல இருந்தது.

ஸ்டெப்னி சாலையோரத்தில் ஒரு களத்தைக் கவனித்துவிட்டார். அங்கே வைக்கோல் போர் இருந்தது, பக்கத்தில் ஒரு விவசாயி.

"அண்ணே, கொஞ்சம் வைக்கோல் குடுக்கறீங்களா? அவசரம்."

"மாட்டுக்கா?"

"வண்டிக்கு."

அந்த மனிதர் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். பைத்தியத்தோடு பேச்சு வளர்க்க விரும்பாதவர்போல வேகமாகப் போருக்குப் பின்னால் போய்விட்டார். முன்பெட்டியில் ஸ்பேனர் மட்டும் அம்மா கண்ணில் படாமல் தப்பியிருந்தது. சக்கரத்தைக் கழற்றி, ரிம்மை இரண்டாகப் பிரித்து, டியூபை உருவிப் போட்டோம். நான் வைக்கோலைப் பிரி பிரியாகத் திரிக்க, அவர் இடித்து இடித்துத் திணித்தார். மாப்பிள்ளைச் சட்டை முழுக்கக் கிரீஸ். "ஜல்தி, ஜல்தி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு களை. வாழ்நாள் முழுக்கப் பரீட்சைக்குப் படித்தவருக்குக் கடைசியில் கேள்வித்தாள் கிடைத்துவிட்டது.

வைக்கோல் போட்டதும் ஸ்கூட்டர் மாட்டு வண்டியாகவே மாறிவிட்டது. ஆடி அசைந்து, கடக் கடக் என்று, டயருக்கும் ரிம்முக்கும் நடுவே தாடி முளைத்ததுபோல வைக்கோல் நீட்டிக்கொண்டு, கலசப்பாக்கத்துக்குள் நுழைந்தோம். பெண் வீட்டு வாசற்படியை அவர் மிதித்தபோது ராகு காலத்துக்குச் சில நிமிடங்கள்தான் மீதி.

உள்ளே அவருடைய அம்மா மகனைப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெண்ணின் அப்பா கிரீஸ் படிந்த சட்டையையும் தலையில் இருந்த வைக்கோலையும் மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிள்ளைக்குப் பட்டுக் கடையில வேலைன்னு சொன்னாங்களே?" என்று தரகரிடம் மெதுவாகக் கேட்டார். தரகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஜ்ஜி வந்தது. ஸ்டெப்னி ஒன்றைக்கூட எடுத்து மடிக்கவில்லை. பெண் காபியோடு வந்தாள். நிமிர்ந்த தலை, கூர்மையான கண். தட்டை நீட்டியவள் அப்படியே ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அப்பா, நம்ம மாடு அவங்க வண்டியத் தின்னுது."

எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். வாசலில் கட்டியிருந்த பசு, பின் சக்கரத்திலிருந்து வைக்கோலை இழுத்து இழுத்து நிதானமாக மென்றுகொண்டிருந்தது. ஸ்கூட்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டிருந்தது. அவருடைய அம்மா "முடிஞ்சுது" என்று முணுமுணுத்தார்.

பெண் வண்டியைச் சுற்றி வந்தாள். வெறும் முதுகைக் காட்டி நேராக அவரிடமே கேட்டாள்.

"ஸ்டெப்னி எங்கங்க?"

ஒரு பொய் சொல்லித் தொலையேன்யா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். திருடு போய்விட்டது என்று சொல்லலாம். அவர் கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"வீட்ல கீதுங்க. கட்டிலுக்குக் கீழ ஒண்ணு, கதவுக்குப் பின்னால ஒண்ணு. எனக்கு எதுன்னாலும் எக்ஸ்ட்ரா ஒண்ணு வேணுங்க. இல்லன்னா பயம். முன்ன பொண்ணு பாக்கப் போறப்ப தம்பியக் கூட்டிகினு போனேன். அவங்க அவனப் புடிச்சிகினாங்க. அதான் இந்த தபா எல்லாத்தையும் வுட்டுட்டு வான்னாங்க அம்மா. வுட்டுட்டு வந்தேன். வந்தா..." என்று சக்கரத்தைக் காட்டினார். மாடு ஏப்பம் விட்டது.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் இவர் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன்.

"எங்க இன்ஸ்டிடியூட்ல நான் எத டைப் அடிச்சாலும் அடியில கார்பன் வச்சு எக்ஸ்ட்ராவா ஒரு காப்பியோடதாங்க அடிப்பேன். அதான் ஸ்டெப்னி எங்கன்னு கேட்டேன்" என்றாள் சிரிப்புக்கு நடுவே. பிறகு அப்பாவிடம் திரும்பினாள். அப்போது சிரிப்பு இல்லை. "அப்பா, வந்தவாசிக்காரங்களுக்கு வேணாம்னு சொல்லிடுங்க."

அன்று ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பினோம். அடுத்த ஞாயிறு ஸ்டெப்னி தன் ஸ்டெப்னியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய், வாழ்க்கையில் முதல்முறையாக அதை மாட்டினார், மாமனார் வீட்டு மாடு பார்த்துக்கொண்டிருக்க. கல்யாணத்தன்று மண்டப வாசலில் அம்மா மறுபடியும் சோதனை போட்டார். எக்ஸ்ட்ரா தாலிக்கயிறு எதுவும் இல்லை. பட்டுச்சட்டைப் பையில் ஒரே ஒரு முள் இருந்தது. கருவேல முள். ஏன் என்று அம்மா கேட்கவில்லை, திருப்பி அவர் பையிலேயே போட்டுவிட்டார்.

அதன்பின் இரண்டாவது ஸ்டெப்னி அவர் மனைவியின் மடிக்குப் போயிற்று. நான் சைக்கிளுக்கு மாறினேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஸ்டெப்னியே இல்லாமல் போனது அவருக்குத் தாங்க முடியாத துயரம். "டியூபே இல்லாம டயராம், ஸ்டெப்னியே இல்லாம வண்டியாம். கவர்மெண்ட்டு எப்பிடிய்யா வுடுது?" என்பார்.

நான் பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்குக் குடிபெயர்ந்த அன்று, சாமான் ஏற்றிய லாரி கிளம்பும் நேரத்தில் மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் இரண்டாவது ஸ்டெப்னி. அதைப் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே சொருகினார்.

"லாரிக்கு இது சேராதுண்ணே. எனக்கு ஸ்கூட்டரும் கெடையாது."

"தெரியும்யா. அவ்ளோ தூரம் போற. ஒண்ணுமே இல்லாம எப்பிடி அனுப்பறது?" என்றவர், லாரி கண்ணிலிருந்து மறையும் வரைக்கும் அங்கேயே நின்றார்.

அந்தச் சக்கரம் இப்போது என் வீட்டு பால்கனியில் இருக்கிறது. அதைத் தூக்கிப் போடச் சொல்லி என் மனைவி ஒவ்வொரு பொங்கலுக்கும் சண்டை போடுகிறாள். நான் அவ்வப்போது அவள் பார்க்காத நேரத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். காற்று குறைந்திருந்தால் பஞ்சர் கடைக்கு மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோய் நிரப்பி வருவேன். வண்டி எங்கே சார் என்று ஒவ்வொரு முறையும் கடைக்காரர் கேட்பார். ஆரணியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவேன்.